பந்தி மேசை நகரம்

ஆடி மாசத்தில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை என்கிற ஒரே காரணத்தால், இன்னும் முந்நூறு வருஷம் கழித்து வரப்போகிற ஒரு நகரம், இரும்புப் பாலமும் கண்ணாடிக் கோபுரமும் பறக்கிற வண்டி வந்து இறங்குகிற மேடையுமாக, கிண்ணிக்கால்வாய்த் தெரு கமலவல்லி கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், பந்தி மேசைகளை நெருக்கிப் போட்டு அவற்றின் மேல் அடுக்கிய பலகைகளில், வருஷா வருஷம் ஒரு மாசம் எழுந்து நின்றுவிட்டு, ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்குள் துண்டு துண்டாகப் பிரிந்து அட்டைப்பெட்டிகளுக்குள் போய்விடும். அதைக் கட்டுகிறவள் பெயர் சகாயராணி. பல்செட்டு செய்கிறவள். பல்செட்டுக்காரிக்கும் முந்நூறு வருஷத்துக்கு அப்பால் இருக்கிற ஊருக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள், சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

மேசைப் போர் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. விளையாடுகிறவர்கள் சின்னப் பையன்கள் இல்லை. பேங்க்கில் வேலை பார்க்கிறவர்கள், கூரியர் ஆபீஸ் நடத்துகிறவர்கள், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள், பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருக்கிறவர்கள். ஆளுக்கு ஒரு படை வைத்திருக்கிறார்கள். சிப்பாய் ஒவ்வொருத்தனும் ஒரு விரல் கணு உயரம், கையில் வருங்காலத்துத் துப்பாக்கி, கருவிழி வரைக்கும் பெயிண்ட். பகடையை உருட்டுவார்கள், இஞ்ச் டேப்பைப் போட்டு அளப்பார்கள், "சுட்டுட்டேன்" என்பார் ஒருத்தர், "எங்க சுட்டீங்க, நடுவுல சுவரு நிக்குதே" என்பார் இன்னொருத்தர், உடனே இரண்டு பேரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சிப்பாயின் தலை மட்டத்துக்குக் குனிந்து, கன்னம் மேசையில் உரச, தெரிகிறதா மறைக்கிறதா என்று அரை மணி நேரம் வாதாடுவார்கள். அதனால் இந்த விளையாட்டில் சிப்பாயைவிடச் சுவருக்குத்தான் மதிப்பு. சுவரும் சும்மா இருந்தால் போதாது. எல்லாக் கட்டடத்துக்கும் கூரை டப்பா மூடி மாதிரி கழன்று வரவேண்டும், கழன்று வந்தால்தான் கையை உள்ளே விட்டு சிப்பாயை நிறுத்த முடியும். கை போகாத கட்டடம் கட்டடமே இல்லை என்பது அவர்கள் சட்டம்.

இப்படி விளையாடுகிறவர்கள் சேர்ந்து வைத்திருந்த கழகத்துக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் ஹரிகோபால். கூரியர் ஆபீஸ் அவருடையதுதான். ஒரு தடவை ராணியின் பல்செட்டு லேபுக்குக் கடைவாய்ப் பல் கட்ட வந்த இடத்தில், அவள் அச்சு எடுப்பதையும் பிளாஸ்டர் மாவு கரைத்து ஊற்றுவதையும் வாயைப் பிளந்தபடியே பார்த்துவிட்டு, "இந்த மாவுல சுவரு வார்த்துக் குடுப்பீங்களா?" என்று கேட்டார். அவள் சிரித்தாள். மனுஷன் வாய்க்குள்ளேயே வீடு கட்டுகிறவளுக்கு மேசை மேல் கட்டுவது என்ன பெரிசு, சரி என்றாள். அப்புறம் ஷாம்பூ பாட்டிலும் மாத்திரை அட்டையும் செத்துப்போன கம்ப்யூட்டரின் பச்சைப் பலகையும் ஊசி மூடியும் தீர்ந்துபோன ரீஃபிலும் அவள் கண்ணில் பட்டால் கோபுரமாகவும் ஜன்னலாகவும் தெருவாகவும் தெரிய ஆரம்பித்து, அவளே நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமல் போய்விட்டது. விளையாட்டு அவளுக்கு இன்றுவரை புரியாது. கட்டுவது மட்டும்தான்.

மண்டபம் நிற்கிற இடத்துக்கு எதிரில், இப்போது கம்பி வேலி போட்டுப் புல் முளைத்துக் கிடக்கிற மனையில்தான், முன்னால் கிண்ணிக்கால்வாய் ஹவுசிங் போர்டு இருந்தது. நான்கு மாடி, எச்சில் வழிந்த படிக்கட்டு, மொட்டை மாடியில் ஒரு பக்கம் சாய்ந்த தண்ணித் தொட்டி, எந்த நேரமும் எவளாவது எவளையாவது பேர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம். அங்கேதான் ராணி கல்யாணமாகி வந்தாள். புருஷன் டென்சிங், துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவன், சிரிப்பதற்கென்றே பிறந்தவன். அவன் சிரிப்பு 'ஆஹா' என்று ஆரம்பித்து, நடுவில் மூச்சு வாங்கி, கடைசியில் விசில் அடித்த மாதிரி முடியும். அந்த விசிலுக்குக் காரணம் அவன் தெத்துப்பல். நாற்பது முடிவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான். அடுத்த வருஷமே கட்டடத்தில் விரிசல் என்று சொல்லி எல்லாரையும் காலி பண்ணி, ஊருக்கு வெளியே, பஸ் போய்த் திரும்புகிற இடத்துக்கும் அப்பால், புதுசாகக் கட்டின அடுக்குகளில் கொண்டுபோய்ப் போட்டார்கள். சாமான் ஏற்றின அன்றைக்குப் பெய்த மழையில் கல்யாண ஆல்பம் ஊறிப் பசையாகிப் போனது. மிச்சம் இருந்தது துறைமுக அடையாள அட்டையில் இருந்து பெரிசு பண்ணி மாலை போட்ட படம் ஒன்று. அதில் அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு போலீஸ்காரன் மாதிரி இருந்தான்.

அவளுக்கு இருந்த குறை இதுதான். ஊரில் இருக்கிற அத்தனை வாயையும் மறக்காதவள், இது நாடார் கடை அண்ணாச்சி பல், இது ரிட்டயர்டு சார் பல் என்று அச்சைப் பார்த்தே சொல்கிறவள், தன் புருஷனுக்குத் தெத்துப்பல் இடது பக்கமா வலது பக்கமா என்று மறந்துபோனாள். மறந்த நாளில் இருந்து அவன் சிரிக்கிற முகமே கலைந்துபோயிற்று. ஒரு பக்கம் வைத்துப் பார்த்தால் வேறு யாரோ சிரிப்பான், இன்னொரு பக்கம் வைத்துப் பார்த்தால் அவளே பயப்படுவாள். அவன் கூட்டாளிகளைக் கேட்டாள், பாதிப் பேர் இடது என்றார்கள், பாதிப் பேர் வலது என்றார்கள். நாத்தனாரைக் கேட்டாள், "எங்க அண்ணனுக்கு ஏது தெத்துப்பல்லு?" என்று அவள் சண்டைக்கு வந்தாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், ராணி அதற்காகப் பல நாள் அழுதிருக்கிறாள்.

ஒரு வருஷ ஆடியில், நகரம் முக்கால்வாசி எழுந்து நின்ற ஒரு மத்தியான வேளையில், கூடத்தின் கை கழுவுகிற தொட்டியண்டை மாவு கரைத்து வைத்துக்கொண்டு, கடைசிக் கட்டடமான நடுக் கோபுரத்துக்குக் கூரை வார்க்கப் போனாள். நடுக் கோபுரம் என்பது இரண்டு படையும் பிடிக்கப் போட்டி போடுகிற இடம். அதற்குள்ளிருந்து யாரும் வெளியே சுடக் கூடாது என்பதால் அதற்கு ஜன்னலே கிடையாது. வழி என்னவென்றால், சுவரின் விளிம்பில் வாஸலைன் தடவிவிட்டு, மேலே அட்டை வைத்து மாவை ஊற்ற வேண்டும். தடவினால் காய்ந்ததும் கூரை தனியே கழலும், தடவாவிட்டால் இரண்டும் ஒரே கல்லாகப் பிடித்துக்கொள்ளும். பல்செட்டு வேலைக்கு வந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்வது அது. ராணி வாஸலைனை விரலில் எடுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து குக்கர் விசில் அடித்தது.

மண்டபத்துச் சமையல்கட்டு பூட்டிக் கிடந்தது. இரண்டாவது விசில் மேசை மேலிருந்து வந்தது. மூன்றாவது விசிலுக்கு, மாத்திரை அட்டையில் ஜன்னல் வைத்த கட்டடத்தின் இரண்டாம் மாடியில் வெளிச்சம் தெரிந்தது. ராணி குனிந்து பார்த்தாள். அங்கே, ஹவுசிங் போர்டில் கூடக் குடியிருந்த லோகநாயகி, முப்பது வயசுக்காரியாக, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, விரல் கணு உயரத்தில் நின்று, அடுப்பைக் குறைத்துக்கொண்டிருந்தாள். "லோகாக்கா பருப்பு வெக்கிறாங்க" என்று ராணி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டு, விரலைப் புடவையில் துடைத்துவிட்டு, மாவை எடுத்து ஊற்றினாள். ஹவுசிங் போர்டு திரும்பி வந்தது அவளுக்கு அதிசயமாகத் தெரியவில்லை. மாவு இறுகின பிறகு கூரையைத் தூக்கிப் பார்த்து, அது அசையாததைக் கண்டு, வாஸலைன் தடவாமல் விட்டோமே, இத்தனை வருஷம் வேலை பார்த்து என்ன பிரயோஜனம் என்று தலையில் அடித்துக்கொண்டபோதுதான், அந்த மூடிய கல்லுக்குள்ளிருந்து டென்சிங் சிரித்தான். 'ஆஹா' என்று ஆரம்பித்து, மூச்சு வாங்கி, விசில் அடித்து முடித்தான்.

ராணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் நகரம் முழுக்கக் குடிவந்துவிட்டது. கண்ணாடிக் கோபுரத்தில் நான்கு குடும்பம், ராக்கெட் கூண்டில் ஒரு தையல் மிஷின், பறக்கிற வண்டி இறங்கும் மேடையில் வடாம் காயப்போட்டு ஒரு பெண் காவல். சனிக்கிழமை விளையாட வந்த ஹரிகோபால் வாசலிலேயே நின்று, "ராணிக்கா, லைட்டு சூப்பர். வயர எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்றார்.

"வயரு கெடையாது ஹரி சார். அது எங்க லோகாக்கா வூடு. அதுக்குக் கீழ சைக்கிள் கடை குப்புராஜு."

ஹரிகோபால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, சிப்பாய் மட்டத்துக்குக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கேட்டது, "அப்ப இந்த பில்டிங்குல ஆளுங்கள நிறுத்த முடியாதா?" என்பதுதான். கழகம் கூடிப் பேசியது. குடித்தனம் இருக்கிற வீட்டுக்குள் சிப்பாய் நுழையக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டார்கள். தண்ணி லாரி வந்து ஹாரன் அடித்தால், குடித்தனக்காரர்களின் குடங்கள் எல்லாம் நிறைகிற வரைக்கும் சண்டை நிறுத்தம் என்று இன்னொரு சட்டம். டாங்கியின் பீரங்கிக் குழாயில் இருந்து எதிர் ஆன்டெனா வரைக்கும் கொடி கட்டித் துணி காயப்போட ஆரம்பித்ததும், துணி காய்கிற டாங்கி நகரக் கூடாது என்று மூன்றாவது சட்டமும் வந்து, பேங்க் மேனேஜர் ஒருத்தர் தன் டாங்கியை நகர்த்த முடியாமலே தோற்றுப்போய், "ஒரு பாவாடையால தோத்தேன்யா" என்று கடைசி வரைக்கும் புலம்பினார். பிள்ளைகள் பகடையின் மேல் ஏறிக் குதித்தார்கள். மேசையைச் சுற்றி நாம் கும்பலாகக் குனிந்தால் அங்கே உள்ள பொம்பளைகள் நிமிர்ந்து பார்த்து, "மப்பா கெடக்குடி, துணிய எடு" என்றார்கள். ஜன்னல் என்றால் அதற்கு அப்பால் வானம் என்று அவர்களுக்குப் பழக்கம். நம்மையும் வானத்தோடு சேர்த்தே பார்த்தார்கள்.

ஏன் இப்படி நடந்தது என்று கேட்டவர்கள் உண்டு. மாவில் கோளாறு என்றார் ஒருத்தர், மனையின் புழுதி கூடத்துக்குள் வந்து விழுந்ததுதான் என்றார் இன்னொருத்தர், பாதிரியார் வந்து பார்த்துவிட்டு நல்ல காற்றோட்டமான இடம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்து என்ன ஆகப்போகிறது.

சேதி ஊருக்கு வெளியே போய்ச் சேர்ந்தது. முதலில் வந்தவள் லோகநாயகிதான், இரண்டு பஸ் மாறி, மூட்டு வலியோடு, கையில் புளிச்சாதத் தூக்கோடு. தன்னையே பார்த்தவள் முதலில் சொன்னது, "ஐய, நான் எவ்ளோ ஒல்லியா இருந்திருக்கேன்!" அடுத்த நிமிஷம், "அடியே, பாலு பொங்குதுடி, எங்க பராக்கு பாக்குற" என்று தன்னையே திட்டினாள். அப்புறம் ஒவ்வொருத்தராக வந்தார்கள், குடும்பம் குடும்பமாக வந்தார்கள், வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள் புருஷனை விட்டுவிட்டு வந்தார்கள், வந்து குனிந்து, கன்னத்தை மேசையில் வைத்து, தன் வாசல் எது என்று தேடி, கண்டுபிடித்ததும் 'தோ, தோ' என்று கத்தி, செத்துப்போனவர்கள் பல் விளக்குவதையும் ஓடிப்போனவர்கள் வீட்டுப்பாடம் எழுதுவதையும் தாங்களே இளசாக மாடிப்படியில் நின்று யாரையோ எதிர்பார்ப்பதையும் பார்த்து, சிரித்து, மூக்கைச் சிந்தி, மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். மண்டப மேனேஜர் பட்டாபிராமன் ஆரம்பத்தில் முணுமுணுத்தார்; கூட்டம் கூடினதும் 'செருப்பை வெளியே விடவும்' என்று ஒரு அட்டை எழுதி மாட்டினார்; பிறகு அவரே பெரிய அண்டாவில் தண்ணீர் வைத்தார். கல்யாணம் இல்லாத மாசத்தில் மண்டபத்துக்கு இவ்வளவு ஜனம் வந்தது அவருக்கு உள்ளூரப் பெருமை.

பழைய சந்தோஷம் திரும்பி வந்தால் பழைய சண்டை வராமல் இருக்குமா. மேசை மேலிருந்த இளவயசுக் குப்புராஜ் விடிகாலையில் பூனை மாதிரி இறங்கிப் போய், மோட்டார் ரூமில் மூன்றாம் மாடி வால்வை மூடிவிட்டுத் தன் வீட்டுக்கு மட்டும் தண்ணீர் பிடித்துக்கொண்டதை அத்தனை பேரும் கண்ணால் பார்த்தார்கள். மூன்றாம் மாடிக்காரிகள் எழுந்து நின்றார்கள். "யோவ், இத்தினி வருசமா தொட்டியில ஓட்டைன்னு சொன்னியே!" குப்புராஜுக்கு இப்போது எழுபது வயசு. அடுத்த நாளில் இருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, மோட்டார் ரூமுக்கு மேலே குனிந்து, "டேய் திருட்டு நாயே, மூடாதடா, பசங்க ஸ்கூலு போவணும்டா" என்று தன்னையே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். கீழே இருந்தவன் இடி இடிக்கிறது என்று நினைத்து வால்வை இன்னும் வேகமாக மூடினான். மூன்றாம் மாடிக்காரிகள் சிரித்துவிட்டார்கள், அத்தோடு அது முடிந்தது.

ஒரே ஒரு விஷயம்தான் முடியாமல் போனது. லோகநாயகிக்கு ஒரு மகன் இருந்தான், அவன் இப்போது இல்லை. அங்கே அவன் ஆறு வயசுப் பையனாக ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான், உச்சந்தலை மட்டும் தெரிந்தது. "மொகத்த ஒரு தபா பாத்தா போதும்" என்று அவள் ஹரிகோபாலிடம் கெஞ்சினாள். நல்ல மனுஷன், மனசு கேட்காமல், பிளேடை எடுத்து ஜன்னலின் கீழ்ப்பக்கத்தைக் கொஞ்சமாகச் சீவினார். வெளிச்சம் பட்டென்று போனது, சத்தமும் போனது. மறுநாளும் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. லோகநாயகி அந்த இருட்டு ஜன்னலுக்கு எதிரில் உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு சுவரில் யாரும் கை வைக்கவில்லை. சுவரைத் தொட்டால் வீடு அணைந்துபோகும் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அதனால்தான் ராணிக்கு இருதலைக்கொள்ளி. டென்சிங்கோடு அவள் குடியிருந்த வீடு படிக்கட்டை ஒட்டினது, அங்கேயும் ஜன்னல் என்று பேருக்கு ஒன்று, திறந்தால் பக்கத்து பிளாக் சுவர். அது நடுக் கோபுரத்துக்குள் போய் விழுந்ததில் ஆச்சரியம் இல்லை. கூரை மட்டும் கழன்றிருந்தால் போதும், தூக்கிப் பார்த்திருப்பாள். வாஸலைன் தடவாத பாவத்துக்கு, நாள் பூராவும் அந்தக் கல்லில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவன், "ராணி, இந்த மீன யாரு ஆஞ்சது, நீயா பூனையா?" என்றான். "பூனைதான், வேணும்னா துன்னு, இல்லாட்டி போ" என்றாள் அவள், அதாவது இவளேதான், இருபத்தைந்து வயசில். அவன் சிரித்தான். சிரிக்கச் சிரிக்க இவளுக்கு வயிறு எரிந்தது. பல் தெரியச் சிரிக்கிறானே, எந்தப் பல், எந்தப் பக்கம், ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், இனி மறக்க மாட்டேனே என்று கோபுரத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தாள்.

கூடத்துக்கே அந்தக் கேள்வி தெரியும். ஆளாளுக்கு வந்து காது வைத்துப் பார்த்தார்கள். "விசில் சத்தத்த கேட்டா வலது பக்கம் மாதிரிதான் கீது" என்றார் குப்புராஜ். "ஆமா, இவரு பல்லு டாக்டரு" என்றாள் லோகநாயகி. ஹரிகோபால் கழகத்தில் ஓட்டெடுப்பே நடத்தினார், இடது பக்கம் ஜெயித்தது. ராணிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. என் புருஷன் பல்லு இவங்களுக்கெல்லாம் பந்தயமாப் போச்சே என்றும் இருந்தது.

ஆடி கழிகிற நேரம் வந்தது. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு மண்டபம் எப்போதோ பேசி முடித்தாயிற்று. ஜனங்கள் பட்டாபிராமனைச் சூழ்ந்துகொண்டு, சாப்பாட்டை நிற்க வைத்துப் போடக்கூடாதா, மொட்டை மாடியில் பந்தல் போடக்கூடாதா என்று மன்றாடினார்கள். அவர் கண் கலங்கிப்போனார். "நான் என்னம்மா பண்ணட்டும், பொண்ணு வீட்டுக்காரங்க இலை போட்டு உக்கார வெச்சுப் பரிமாறணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. சமையல்காரங்க சாயங்காலம் வந்துடுவாங்க. மேசை வேணும்மா எனக்கு." அவர் மேல் தப்பு இல்லை. அவரவர் வீடு இருக்கிற பலகையை அவரவர் எடுத்துக்கொண்டு போவது என்று முடிவானது. பஸ்ஸில் குலுங்கினால் விளக்கு நிற்குமா, அந்தப் புது அடுக்கில் போய் வைத்தால் குக்கர் விசில் அடிக்குமா, யாருக்கும் தெரியாது. இருந்தாலும் பழைய புடவைகளைக் கொண்டுவந்து வீடுகளைக் குழந்தை மாதிரி சுற்றிக் கட்ட ஆரம்பித்தார்கள்.

ராணி கட்டவில்லை. அன்றைக்கு மத்தியானம் லேபுக்குப் போய், பல்செட்டைச் சீவுகிற மிஷினையும் இருப்பதிலேயே மெல்லிய ஊசியையும் எடுத்துக்கொண்டு வந்து கோபுரத்துக்கு எதிரில் உட்கார்ந்தாள். லோகநாயகி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"வேணாம்டி. சத்தமாச்சும் கேக்குதுல்ல உனக்கு. எனக்கு அதுகூட இல்ல. நான் பட்டது போதும், நீயும் படாத."

"அக்கா, சத்தம் போதும்னுதான் நானும் இத்தினி நாளா மனச தேத்திக்கினேன்," என்றாள் ராணி. "முடியல. அந்தாளு சிரிக்கிறாரு, எனக்கு மொகம் வரமாட்டேங்குது. கேக்க கேக்க, பக்கத்து வூட்ல எவனோ சிரிக்கிற மாதிரி இருக்கு. இப்பிடியே தூக்கினு போனா ஒருநாளு அது யாரு சிரிப்புன்னே எனக்குத் தெரியாம பூடும்."

லோகநாயகி கையை விட்டாள்.

மிஷின் இரைந்தது. நாக்கில் உறுத்தாத அளவுக்குச் சீவிப் பழகின கை அது. கண்ணுக்குத் தெரியாத அளவு இறங்கினாள், நிறுத்தினாள், காது வைத்துக் கேட்டாள், உள்ளே டென்சிங் ஊறுகாய் கேட்டுக்கொண்டிருந்தான், மறுபடியும் இறங்கினாள். சுற்றிலும் புடவை மூட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள், ஹரிகோபால் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், குப்புராஜ் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஊசி சட்டென்று வழுக்கி உள்ளே போனது. பேச்சு நின்றது. சிரிப்பும் இல்லை, தட்டுச் சத்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. "போச்சு" என்றார் யாரோ. ராணி மாவுத் தூசியை ஊதக்கூடப் பயந்துகொண்டு, ஒரு கண்ணை மூடி, குனிந்து, கண்ணை ஓட்டையில் வைத்தாள்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

தரையில் இரண்டு தட்டு, நடுவில் மீன்குழம்புச் சட்டி. டென்சிங் பனியனோடு, பிசைந்த சோற்றைப் பாதி தூக்கிய கையோடு, ஓட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவளும் அப்படியே. சாப்பிடுகிற நேரத்தில் வீட்டுச் சுவரில் ஓட்டை விழுந்தால் யாராக இருந்தாலும் பேச்சை நிறுத்தத்தானே செய்வார்கள். ஜன்னலுக்கு அப்பால் வானம் இருக்கும், ஆனால் ஓட்டைக்கு அப்பால் ஆள்தான் இருக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும். சின்ன ராணி கரண்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"எவடி அவ? கண்ணு தெரியுது பாருய்யா, எவளோ எட்டிப் பாக்குறா! சோறு துன்ற நேரத்துல அடுத்தவ வூட்ல கண்ண வெக்கிறியே, உனுக்கு வூடு வாசல் இல்ல?"

ராணி இமைக்கவில்லை. இல்லையே என்பது வாய் வரைக்கும் வந்து நின்றது. இடுப்பில் கை வைத்து, கரண்டியை ஆட்டி, சுவரோடு சண்டை போடுகிற பெண்டாட்டியைப் பார்த்ததும் டென்சிங்குக்குத் தாங்கவில்லை. 'ஆஹா' என்று தலையைப் பின்னால் சாய்த்தான். விளக்கு வெளிச்சம் நேராக முகத்தில் விழ, வாயை முழுசாகத் திறந்து, கண்ணில் தண்ணீர் வர, மூச்சு வாங்கி, சிரித்தான். அவள் பார்த்தாள். ஒன்று விடாமல் பார்த்தாள். முகம் அதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது, அவன் அவனாக ஆனான், இவ்வளவு வருஷம் கலைந்து கிடந்தது எல்லாம் ஒரே நேரத்தில் சரியாயிற்று.

சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, டென்சிங் எழுந்து ஓட்டைக்குப் பக்கத்தில் வந்தான். "ஏய் ராணி, திட்டாத. வயசான பொம்பளடி. இந்தக் கண்ண நான் எங்கியோ பாத்திருக்கேன்."

"எவள பாத்த? எங்க பாத்த?" என்று கேட்டுக்கொண்டே சின்ன ராணி அவனை இடுப்பால் இடித்துத் தள்ளிவிட்டு, கிழிந்த பாவாடைத் துணியைச் சுருட்டி ஓட்டையில் வைத்து அமுக்கினாள். இருட்டிவிட்டது. அவன் திரும்பவும் சிரிக்கிற சத்தம் துணிக்கு அந்தப் பக்கம் கேட்டது.

ராணி நிமிர்ந்தாள். கண்ணைச் சுற்றி வெள்ளை மாவு வளையமாக ஒட்டியிருந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் கூடம் அவளையே பார்த்தது.

"அந்தப் பொம்பளைக்கு எவ்ளோ கொழுப்பு பாத்தீங்களா," என்றாள். "என் மூஞ்சியிலயே துணிய வெச்சு அடைக்கிறா. நல்லா இருக்கட்டும், நானா இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பேன்." அப்புறம் லோகநாயகி பக்கம் திரும்பினாள். "அக்கா, வெளக்கு அணைஞ்செல்லாம் போவலக்கா. உங்க வூட்லயும் பயந்துக்கினு வெளக்க நிறுத்திட்டு உக்காந்திருப்பாங்க. போயி மெதுவா பேர் சொல்லிக் கூப்புடுங்க." லோகநாயகி மூட்டு வலியை மறந்து மேசையின் அந்தக் கோடிக்கு ஓடினாள்.

மற்றவர்கள் ஓடவில்லை. அத்தனை பேரும் ராணியை நெருங்கி வந்தார்கள். குப்புராஜ்தான் முந்திக்கொண்டார்.

"அத வுடும்மா, எந்தப் பக்கம்? சொல்லு, எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்தானே ராணிக்கா?" என்றார் ஹரிகோபால்.

சகாயராணி தன் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். கோபுரத்துக்கு முன்னால், வாசலை மறைத்து நிற்கிற மாதிரி நின்றுகொண்டாள். இத்தனை நாளில் அவள் முகத்தில் அப்படி ஒரு வீட்டுக்காரியின் மிதப்பை யாரும் பார்த்ததில்லை.

"அது எங்க வூட்டு விஷயம்," என்றாள். "அவங்க சாப்புட்டுக்கினு இருக்காங்க. எல்லாரும் கொஞ்சம் வெளிய போயி நில்லுங்க."